சின்னமுத்துவை அழவைத்த பர்கர்

மூணாறில் தேவிகுளம் ரோட்டில் ஒரு கடை இருக்கிறதென்றும், அங்கே ஒரு பர்கர் அறுநூற்று இருபது ரூபாய் என்றும், அதைத் தின்ற எஸ்டேட்காரர் ஒருவர் உட்கார்ந்த இடத்திலேயே அழுதுவிட்டார் என்றும் எனக்கு முதலில் சொன்னவர் மீனாட்சிபுரம் குப்பண்ணன். பால் சொசைட்டியில் கேனை இறக்கி வைத்துவிட்டு, உலகத்தில் வேறு வேலையே இல்லாதவரைப் போல நிதானமாகச் சொன்னார்.

“ஏனுங்க, பன்னுக்குள்ள கறிய வெச்சு அறநூத்தி இருவது ரூவாயாமுங்க. தின்னு முடிக்கறதுக்குள்ள மனுசன் பொலபொலன்னு அழுதுட்டாருங்க. எங்க பையன் போன்ல காமிச்சான். என்ர கண்ணால பாத்தனுங்க.”

“எதுக்கு அழுதாராம்?”

“அதுதானுங்களே தெரியல. ருசி தாங்காம அழுதாருன்னு பையன் சொல்றான். பில்லப் பாத்துட்டு அழுதாருன்னு நான் சொல்றனுங்க. ஊட்ல ரெண்டு கட்சியா நின்னுட்டு இருக்கறமுங்க.”

நான் சித்தூர் வந்து சேர்வதற்குள் கட்சிகள் ஐந்தாகிவிட்டன. கடுகுச் சாந்து மூக்கில் ஏறிவிட்டது என்றார் பஸ்ஸில் ஒருவர். எலும்பு குத்திவிட்டது என்றார் அவருக்கு முன்சீட்டுக்காரர். கடைக்காரன் கூலி கொடுத்து அழவைத்த ஆள் அது, இப்போதெல்லாம் அழுவதற்கென்றே ஆள் கிடைக்கிறார்கள் என்றார் கண்டக்டர், எனக்குச் சில்லறை கொடுக்காமலே.

விலை உயர்ந்த சாப்பாட்டின் மேல் எனக்குப் பழைய பகை. ருசியால் அழுதிருந்தால் அந்தப் பர்கருக்கு ஒரு கும்பிடு போடலாம். பில்லால் அழுதிருந்தால் ஒரு கட்டுரை போடலாம். எப்படியும் எனக்கு நஷ்டமில்லை என்று டிசம்பர் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை பொள்ளாச்சி, உடுமலை, சின்னார், மறையூர் வழியாக மலை ஏறினேன்.

கடையின் பெயர் ‘சிக்ஸ் தவுசண்ட் ஃபீட்’. விலைகளும் அந்த உயரத்தில்தான் இருந்தன. பழைய கப்பல் கன்டெய்னர் ஒன்றை ரோட்டோரம் நிறுத்தி, ஒரு பக்கத்தை அறுத்துக் கண்ணாடி போட்டிருந்தார்கள். கண்ணாடிக்கு அப்பால் தேயிலைச் சரிவு. சரிவு இருப்பதாகப் பலகையில் எழுதியிருந்தது. நான் போன நேரத்தில் பனிமூட்டம் மட்டும்தான் இருந்தது.

பர்கர் தட்டில் வரவில்லை. ஒரு மரப்பலகையில் வந்தது. நடுமுதுகில் ஒரு கத்தி செங்குத்தாகக் குத்தப்பட்டிருந்தது. கொலை நடந்த இடத்தைக் கலைக்காமல் அப்படியே தூக்கி வந்தது போல. உயரம் அரைச் சாணுக்குக் குறையாது. அதைக் கடிக்கும் அளவுக்கு வாய் திறக்கக்கூடியவர்கள் எங்கள் பக்கத்தில் பஞ்சாயத்துத் தேர்தலில் மட்டுமே நிற்பார்கள். அடுத்த மேசையில் நாலு பேர் பர்கரைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விளக்கைப் பிடித்தார். ஒருவர் புகையை ஊதி விலக்கினார். அதன் ஆயுளில் சூடாக இருந்த நேரம் முழுவதும் போட்டோவுக்கே போயிற்று.

நான் கத்தியைப் பிடுங்கி வைத்துவிட்டு, அமுக்கிச் சப்பையாக்கி, ஒரு கடி கடித்தேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நன்றாக இருந்தது. கொத்துக்கறி உதிராமல், ஒழுகாமல், வாய்க்குள் போன பிறகே பிரிந்தது. வெங்காயத்தில் காரம் போய் ஒரு பழ வாசனை இருந்தது. நடுவே ஏதோ ஒன்று கறுமுறுவென்று நொறுங்கியது. மலை ஏறி வந்த என் பகை அந்தப் பலகையின் மேலேயே கொஞ்சம் ஆறிப்போனது.

ஆனால் கண்ணீர் வரவில்லை. பில் வந்த பிறகும் வரவில்லை. கொஞ்சம் மூச்சு மட்டும் முட்டியது. ஆக, இரண்டு கட்சிக்கும் என்னிடம் சாட்சி இல்லை.

கடை முதலாளி ஜிஜோ அடிமாலிக்காரர். ஒன்பது வருடம் பயணிகள் கப்பலில் சமையல்காரராக இருந்து, கடல் போதும் என்று மலையில் கடை போட்டவர். அழுகையைப் பற்றிக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

“என்றெ சாரே, ஞான் காசு கொடுத்து அழ வெச்சேன்னு செலர் சொல்றாங்க. சத்தியமா இல்ல. அவரு அழுதது உள்ளதுதான். எதுக்குன்னு எனிக்கும் அப்ப மனசிலாயில்ல. அவரோட மகதான் உள்ள நிக்குது. கேட்டுக்கோங்க.”

மகள் பெயர் இந்து. இருபத்து நாலு வயது. தலையில் வலைத்தொப்பி, கையில் தோசைக்கரண்டியை விட அகலமான ஒரு கரண்டி, இரும்புக் கல்லின் மேல் வரிசையாக எட்டு வட்டம் கறி. என்னைத் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னாள்.

“அழுதது நெசந்தான் சார். ருசியும் இல்ல, பில்லும் இல்ல. பில்லு எங்கிட்டு இருந்து வரும்? ஸ்டாப் குடும்பத்துக்கு ஒரு நேரம் ஓசி. கடுகு, எலும்பு எல்லாம் சும்மா அளந்து விடுறாக. அப்பாட்டயே கேளுங்க. வெங்காய வேலைய முடிச்சிட்டு இப்பத்தான் வீட்டுக்குப் போச்சு.”

இந்துவின் அப்பா சின்னமுத்துவின் வீடு பஜாருக்குப் பின்னால் இருந்தது. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, புதிதாக வெள்ளையடித்த வாசனை. வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை என்பது மூட்டைகளைப் பார்த்தாலே தெரிந்தது. ஐம்பத்தெட்டு வயது மனிதர், ஒடிசல், காதை மூடும் கம்பளித் தொப்பி. என் கையைப் பிடித்துக் குலுக்கியவர் உடனே விடவில்லை. உள்ளங்கைக்குள் வைத்து ஒரு அமுக்கு அமுக்கி, மெல்லத் தளர்த்திப் பார்த்தார். தேறினேனா இல்லையா என்று கடைசிவரை சொல்லவில்லை.

அந்த அமுக்குதான் அவருடைய தொழில். பத்தொன்பதாம் வயதில் தேயிலைத் தொழிற்சாலையில் சேர்ந்தவர், முப்பத்தொன்பது வருடமும் மேல்மாடியில் கொழுந்து வாட்டும் வேலையே பார்த்தார். மலையிலிருந்து பறித்து வரும் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதை அப்படியே இயந்திரத்தில் கொடுத்தால் கூழாகிவிடும். அதனால் நீள நீளமான தொட்டிகளில் வலை விரித்து, அதன் மேல் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து காற்றை ஊதி, பன்னிரண்டு மணி நேரம், பதினாலு மணி நேரம் வாட்டுவார்கள். மழைக்காலத்தில் காற்றைக் கொஞ்சம் சூடு பண்ணவேண்டும். எப்போது போதும் என்பதைச் சொல்ல மீட்டர் எல்லாம் உண்டு. ஆனால் மீட்டர் சொன்ன பிறகும் துரை முதல் மெக்கானிக் வரை மேல்மாடிக்கு வந்து, “சின்னமுத்து, என்னா சொல்ற?” என்றுதான் கேட்பார்கள். அவர் ஒரு கைப்பிடி அள்ளி, பந்தாக இறுக்கிப் பிடித்து, விரலை விடுவார். பந்து சட்டென்று உதிர்ந்தால் வாட்டம் பத்தவில்லை. அப்படியே கல் மாதிரி நின்றால் கூடிப்போச்சு. தூங்கி எழுகிற குழந்தையின் கை மாதிரி மெல்ல மெல்ல விரிந்தால் சரி.

“மூக்குக்கும் தெரியும் சார்,” என்றார் சின்னமுத்து. “புல்லு வாசன போயி பழ வாசன வரும். அந்நேரத்துக்கு இறக்கிறணும். அம்புட்டுத்தான் எனக்குத் தெரிஞ்சது. வேற ஒண்ணும் தெரியாது.”

“வாயி தெரியும்,” என்றார் அவர் மனைவி சின்னத்தாய், டீயை நீட்டியபடி.

சின்னத்தாய் கொழுந்து பறித்தவர். முப்பத்து மூன்று வருடம். முழங்கால் போனதால் போன வருடமே பேர் வெட்டிவிட்டார்கள். ஆகஸ்டு கடைசியில் சின்னமுத்துவுக்கும் ஓய்வு. அங்கேதான் சிக்கல் வந்தது. தோட்டத்தில் குடும்பத்துக்கு ஒரு பேராவது பதிவில் இருந்தால்தான் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இடம். பேர் இல்லையென்றால் மூன்று மாதத்தில் சாவியைக் கொடுக்கவேண்டும். பதிய மிச்சமிருந்தது இந்துவின் பேர் ஒன்றுதான்.

சின்னத்தாய் முழங்காலுக்குக் கீழே சேலையைக் கொஞ்சம் ஒதுக்கிக் காட்டினார். அட்டை கடித்த தழும்புகள் கடுகு தாளித்த மாதிரி தெறித்துக் கிடந்தன.

“எனக்கு இது போதும் சார். எம்புள்ளைக்கு வேணாம். மழையில படுதாவக் கட்டிக்கிட்டு, முப்பது கிலோ சாக்க முதுகுல தூக்கிட்டு அந்தச் சரிவுல அது எறங்கக்கூடாது. அதுக்காகத்தான் அதக் காலேசுக்கு அனுப்பிச்சேன். அது என்னடான்னா படிச்சிட்டு வந்து பன்னு சுடுது. சரி, பன்னாவது சுடட்டும்னு இருந்தோம்.”

இந்து வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஜிஜோ ஒரே வாக்கில் சொல்லியிருந்தார்: பூஜை லீவில் நாலு நாள் கூட்டம் வரும்; அது நன்றாகப் போனால் இந்துவின் வேலை ஸ்திரம், பஜாரில் வாடகை வீட்டுக்கு முன்பணமும் தருவேன்; போகவில்லையென்றால் கடையை மூடிவிட்டு மறுபடியும் கப்பலுக்குப் போகிறேன். ஆகவே கணக்கு எளிது. பர்கர் நின்றால் இந்து நிற்பாள். பர்கர் விழுந்தால் இந்து சரிவில் இறங்கவேண்டும்.

ஓய்வுபெற்ற அன்று சின்னமுத்துவுக்கு ஒரு சால்வையும், ஒரு சுவர்க்கடிகாரமும், ஐந்து கிலோ தேயிலைத் தூளும் கொடுத்தார்கள். முப்பத்தொன்பது வருடம் அதையே வாட்டியவருக்கு அதையே கொடுத்தார்கள். சால்வையோடு அப்பாவையும் அம்மாவையும் கடைக்குக் கூட்டிப் போய், கண்ணாடி ஓரத்து மேசையில் உட்காரவைத்து, இந்து தன் கையால் ஒரு பர்கர் கொண்டுவந்து வைத்தாள். கத்தி குத்தி நிற்பதைப் பார்த்து, “யாருளா இதக் குத்துனது?” என்று சின்னத்தாய் கேட்டதாகச் சொன்னார்கள்.

சின்னமுத்து இரண்டு கையாலும் தூக்கிக் கடித்தார். அவர் வாயில் நடந்ததை அவரே சொல்லட்டும்.

“கறிவடை நடுவுல பொளந்துருச்சு சார். ஒரு பாதி வாயில, ஒரு பாதி சால்வையில. வெங்காயம் பூராம் தண்ணி. பன்னு அடியில ஈரம் ஏறி பஞ்சு மாதிரி நனஞ்சு கெடக்கு. வாட்டு பத்தல. ஒரு வாயிலயே தெரிஞ்சு போச்சு, இந்தக் கட நிக்காது. நிமிந்து பாத்தேன். எம்புள்ள அங்கிட்டு நின்னு, அப்பாவுக்குப் புடிச்சிருக்கான்னு என்னயவே பாத்துக்கிட்டு நிக்கிது. அதுக்கு முதுகுல சாக்கு தொங்குற மாதிரி இருந்துச்சு. அம்புட்டுத்தான். பொலபொலன்னு வந்துருச்சு.”

அடுத்த மேசையில் எறணாகுளத்திலிருந்து வந்த ஒரு பெண் தன் பர்கரைப் படமெடுத்துக்கொண்டிருந்தவர், கேமராவை இந்தப் பக்கம் திருப்பிவிட்டார். எஸ்டேட் சால்வை, நரைத்த மீசை, கையில் பர்கர், கன்னத்தில் கண்ணீர், பின்னால் பனிமூட்டம். இருபது நொடி. வயலின் ஓசையைச் சேர்த்து, ‘வாழ்நாள் முழுதும் உழைத்தவரின் முதல் கடி’ என்று தலைப்புப் போட்டு விட்டார். பர்கர் மோசமாக இருந்ததற்காக ஒருவர் அழுததை, பர்கர் பிரமாதம் என்பதற்கு அத்தாட்சியாக மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். எங்கள் குப்பண்ணனின் பையன் உட்பட.

ஜிஜோவுக்கு ஃபோன் அடித்தபடியே இருந்தது. பூஜை லீவின் முதல்நாளுக்கே நாற்பது மேசை முன்பதிவு. இந்து ஓடிவந்து அப்பாவிடம் சொன்னாள்.

“அப்பா, ஒன்னால கூட்டம் கூட்டமா வாராக!”

சின்னமுத்து குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். “எதத் திங்க வாராக? அந்த நனஞ்ச வடையவா? வராம இருந்தாலாவது கடை மெதுவாச் சாகும் தாயி. இம்புட்டுப் பேரு வந்து துப்பிட்டுப் போனா ஒரே நாள்ல செத்துரும்.”

மறுநாள் காலை சின்னமுத்து சமையலறை வாசலில் போய் நின்றார்.

“மொதலாளி, வாட்டு பத்தல.”

“எந்தா?”

சின்னமுத்து உள்ளே வந்து, பிசைந்து வைத்திருந்த கொத்துக்கறியில் ஒரு கைப்பிடி எடுத்து, இறுக்கி, விரலை விட்டார். சளக்கென்று வழிந்தது.

“கண்டீகளா? வெங்காயத்துல தண்ணி. கறியில தண்ணி. இங்க காத்துலயே தண்ணி. இதக் கல்லுல போட்டா பொளக்காம என்னா செய்யும்?”

ஜிஜோவுக்குச் சுரீரென்றது. “சின்னமுத்தண்ணா, கப்பல்ல ஒரு நேரத்துக்கு ஆயிரம் பேருக்கு பர்கர் வெச்சவன் ஞான். தேயில வாட்டற ஆளு வந்து எனிக்கு…”

அவர் முடிக்கும் முன் கல்லின் மேலிருந்த ஒரு வட்டம் தானாகவே இரண்டாகப் பிளந்தது. இந்து கரண்டியைக் கீழே வைத்தாள். சின்னமுத்து தன் வாழ்நாளில் வாயை மூடிக்கொண்டிருந்த முக்கியமான சந்தர்ப்பம் அது என்பது சின்னத்தாயின் கருத்து.

“கப்பல்ல இத்தர மஞ்ஞு, இந்தப் பனி, இல்ல,” என்றார் ஜிஜோ கடைசியில், மெதுவாக. “சரி. ரெண்டு நாள் நோக்கலாம். பக்ஷே செலவு வெக்கக் கூடாது.”

செலவே இல்லை. கொசுவலைத் துண்டு, நாலு மரச்சட்டம், ஒரு பழைய மேசை விசிறி. தொழிற்சாலையில் எண்பது அடி நீளத்தில் இருந்த தொட்டியைச் சின்னமுத்து மூன்றடியில் கட்டிவிட்டார். விசிறி கீழே, வலை மேலே, வலையின் மேல் பொடியாக அரிந்த வெங்காயம் மெல்லிசாக. நாலு மணி நேரம். கொத்துக்கறியைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீரை வடித்தார். பன்னைக் கண்ணாடி மூடிக்குள்ளிருந்து விடுதலை செய்து, கல்லடுப்பின் வெதுவெதுப்பில் வைத்தார். பிறகு எல்லாவற்றையும் பிசைந்து, ஒரு கைப்பிடி இறுக்கி, விரலை விட்டார். மெல்ல விரிந்தது.

அன்றைக்குச் சுட்ட முதல் பர்கரை ஜிஜோ நின்றுகொண்டே தின்றார். உடனே இரண்டாவதை எடுத்துப் பாதி தின்றார். மீதிப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு, “ஒம்பது வருஷம் வெறுதே போச்சு,” என்றார்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நான் எழுதுவதற்கும் ஒன்றும் இருந்திருக்காது. சின்னமுத்துவுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. சரஸ்வதி பூஜைக்கு முதல்நாள் சாயங்காலம் கொச்சியிலிருந்து ஒரு பெட்டி வந்து இறங்கியது. ஆறு கிலோ லெட்டூஸ் கீரை. பச்சைப்பசேலென்று, துளித்துளியாகத் தண்ணீர் நிற்க. ஜிஜோவும் இந்துவும் மேசை ஏற்பாட்டில் இருந்தார்கள். சின்னமுத்து பெட்டியைத் திறந்து பார்த்தார். இலை. அதுவும் ஈர இலை. இலையைக் கண்ட பிறகு வாட்டாமல் விடலாம் என்று முப்பத்தொன்பது வருடத்தில் அவருக்கு யாரும் சொல்லவில்லை. வலையை விரித்தார், இலையைப் பரப்பினார், விசிறியைப் போட்டார், கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

காலை ஏழு மணிக்கு மூன்று பேரும் ஒன்றாகக் கதவைத் திறந்தார்கள். சின்னமுத்து ஒரு கைப்பிடி லெட்டூஸை அள்ளி, பந்தாக்கி, விரலை விட்டுக் காட்டினார். அழகாக, மெல்ல, ஒரு நரம்பு ஒடியாமல் விரிந்தது. கிலோ ஆறிலிருந்து நாலுக்கு வந்திருந்தது.

“பாருங்க மொதலாளி. ஒண்ணுகூட ஒடியல. பழ வாசன வரல, அது சாதிக் கோளாறு.”

ஜிஜோ தலையில் கைவைத்தபடி பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். இந்து கத்தினாள்.

“அய்யோ அப்பா! இது கறுமுறுன்னு இருக்கணும்!”

“பச்ச எலயவா திங்கிறாக?”

“ஆமா!”

“காசு குடுத்தா?”

பதினொரு மணிக்கு முதல் மேசை. கொச்சியிலிருந்து அடுத்த பெட்டி வர இரண்டு நாளாகும். மூணாறில் நாலு கடைக்கு ஃபோன் போட்டார்கள். லீவு, எல்லாம் ஓட்டல்காரர்கள் வாரிவிட்டார்கள். ஜிஜோ வாசற்படியில் போய் உட்கார்ந்தார். கோபம்கூட இல்லை அவரிடம். அதுதான் பயமாக இருந்தது என்றாள் இந்து.

“இந்து, நீ எஸ்டேட்ல பேரு கொடுத்தோ,” என்றார். “ஞான் கப்பலுக்கு எழுதறேன்.”

சின்னமுத்து வாடிய இலைப் பந்தைக் கையில் பிடித்தபடியே லயத்துக்கு நடந்தார். வாசலில் பல்துலக்கிக்கொண்டிருந்த சின்னத்தாயிடம் நடந்ததைச் சொன்னார். சின்னத்தாய் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். புருஷனைத் திட்ட ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டார். அந்த நிமிடத்தில் என்னவெல்லாம் சொன்னார் என்பதை அச்சில் ஏற்ற முடியாது. பிறகு கேட்டார்: “கறுமுறுன்னு இருக்கணும், பச்சையாத் திங்கணும். அம்புட்டுத்தான? கோசு ஆகாதா?”

லயத்துக்குப் பின்னால் ஆளாளுக்கு ஒரு பாத்தி உண்டு. கோஸ், கேரட், புதினா. அப்போது மற்ற பாத்திகளில் ஒன்றும் இரண்டுமாக நின்றன. உருண்டு திரண்டு பதினொரு கோஸ் ஒன்றாக நின்றது பிலோமியின் பாத்தியில் மட்டும்தான். பிலோமி அடுத்த வீடு. தண்ணீர்க் குழாயில் யார் குடம் முதலில் என்ற தகராறில், சின்னத்தாயும் பிலோமியும் பேச்சை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

பிலோமி மஸ்டருக்கு, காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் இடத்துக்கு, கிளம்பிக்கொண்டிருந்தார். இடுப்பில் படுதா கட்டியாகிவிட்டது. கையில் கொழுந்து வெட்டும் கத்தரி. சின்னத்தாய் வேலியோரம் போய் நின்று, யாரையும் பெயர் சொல்லாமல், பாத்தியைப் பார்த்தே விஷயத்தைச் சொன்னார். இன்று கடை விழுந்தால் இந்து நாளைக்கு இதே மஸ்டரில் வந்து நிற்பாள் என்பதையும் சொன்னார். பிலோமியும் பாத்தியைப் பார்த்தே கேட்டுக்கொண்டார். பிறகு குனிந்து, அந்தக் கத்தரியாலேயே பதினொன்றையும் ஒவ்வொன்றாக அறுத்துச் சாக்கில் போட்டார். அது அவருடைய அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த கோஸ் என்பது பிறகுதான் தெரிந்தது.

“ஒனக்காகக் குடுக்கல,” என்றார் பிலோமி. இரண்டு வருடத்தில் சின்னத்தாயிடம் பேசிய முதல் பேச்சு அது. “அந்தப் புள்ள எம்பக்கத்துல நின்னு கொழுந்து வெட்டுறத நான் பாக்கக்கூடாது. அதுக்குக் குடுக்கேன். சாக்கத் திருப்பிக் குடுத்துரு.”

மற்ற வீடுகளும் தங்களிடமிருந்த ஒன்றிரண்டைக் கொண்டுவந்து போட்டன. பத்து மணிக்குக் கோஸ் முழுவதும் நூல்நூலாக அரிந்து, தேவிகுளத்துத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று விரலை விட்டவர்களுக்குத் தெரியும். கோஸ் விறைத்து, கண்ணாடி மாதிரி நொறுங்கியது. சின்னமுத்துவைச் சமையலறையில் ஒரு மூலையில் உட்காரவைத்து, எந்த இலையின் பக்கமும் போகக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். அவர் வெங்காயத்தோடு மட்டும் இருந்தார்.

அன்று வந்த நாற்பது மேசையில் ஒருவர்கூட அழவில்லை. அழுகையைப் பார்க்க வந்த சிலருக்கு அதில் வருத்தம்தான். ஆனால் சாயங்காலத்துக்குள் கறி தீர்ந்துவிட்டது. இரண்டாம் நாள் முதல்நாள் ஆட்களே திரும்பி வந்தார்கள். மூன்றாம் நாள் கொச்சியிலிருந்து லெட்டூஸ் வந்து இறங்கியபோது, ஜிஜோ பெட்டியைத் திறக்காமலே திருப்பி அனுப்பினார். பலகையில் புதிதாக ‘ஃபிரெஷ் லைன்-ஹவுஸ் ஸ்லா’ என்று எழுதி, விலையில் முப்பது ரூபாய் ஏற்றினார். லயத்துக் கோஸ் ஆங்கிலம் பேசத் தொடங்கினால் விலை ஏறத்தான் செய்யும். நான் கொடுத்த அறுநூற்று இருபதில் அந்த முப்பதும் சேர்த்தி. குப்பண்ணனின் பையன் சொன்ன விலை ஏறிய விலை.

அது அந்த விலைக்குத் தகுமா என்று கேட்பீர்கள். மரப்பலகைக்கு நூறு ரூபாய் அதிகம். கத்திக்கு ஐம்பது அதிகம். பனிமூட்டத்துக்கு இருநூறு என்பது பகல்கொள்ளை, அது வெளியே ரோட்டில் சும்மா கிடைக்கிறது. மீதி இருப்பது கொத்துக்கறியும், பன்னும், முப்பத்தொன்பது வருடத்துக் கையும். அதற்குக் கொடுத்த பணம் எனக்கு உறுத்தவில்லை. உறுத்தியிருந்தால் எழுதியிருப்பேன், எனக்கு அதில்தான் சந்தோஷம் அதிகம்.

பூஜை லீவு முடிந்த திங்கட்கிழமை இந்துவின் வேலை ஸ்திரமானது. சொன்னபடியே ஜிஜோ வீட்டுக்கு முன்பணம் கொடுத்தார். சின்னமுத்துவுக்கும் காலையில் மூன்று மணி நேர வேலை. அவருடைய பதவியின் பெயர் சம்பளச் சீட்டில் ‘கன்சல்டன்ட்’ என்று இருக்கிறது. அவர் அதை மடித்து, ஓய்வுபெற்ற அன்று கொடுத்த சால்வைக்குள் வைத்திருக்கிறார். நவம்பர் கடைசியில் லயத்துச் சாவியை ஒப்படைத்தார்கள். தோட்டத்துப் பதிவில் அந்தக் குடும்பத்தின் பேர் இப்போது இல்லை. சின்னத்தாய் அதைச் சொல்லும்போது, பரீட்சையில் பிள்ளை தேறியதைச் சொல்கிற முகம் இருந்தது.

சின்னமுத்துவிடம் யாருக்கு நன்றி சொல்வீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. முக்கால் மணி நேரம் ஆனது. காற்று ஊதிய தொட்டிகளுக்கு, மேல்மாடியில் அவருக்கு முன்னால் இருந்தவர்களுக்கு, கல்லின் மேல் சரியான நேரத்தில் பிளந்த அந்த ஒரு வடைக்கு, ஜிஜோவுக்கு, எறணாகுளத்துப் பெண்ணுக்கு.

“அந்தப் பொண்ணு தப்பாப் புரிஞ்சுகிட்டதுக்கு நான் தெனமும் கும்புடுறேன் சார். சரியாப் புரிஞ்சிருந்தா கட அன்னிக்கே போயிருக்கும்.”

“பிலோமிக்கு?”

“அந்தக் கடன் இன்னும் நிக்கிது சார்,” என்றார் சின்னத்தாய்.

கோஸ் கொடுத்த அத்தனை வீட்டுக்கும் ஒரு நேரம் பர்கர் என்று ஜிஜோ சொல்லியிருந்தார். எல்லா வீடும் வந்து தின்றுவிட்டுப் போயிற்று. பதினொரு கோஸ் கொடுத்த பிலோமி மட்டும் வரவில்லை. காசு கொடுத்தால் வாங்கவில்லை. சின்னமுத்து ஒரு பர்கரைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போனார். பிலோமி தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்: “ஆறிப்போனதக் கொண்டாந்து கடன அடைக்கப் பாக்கியா? நான் அங்க வந்து, கண்ணாடி ஓரத்துல ஒக்காந்து, ஒங்கையால வெச்சுத் திம்பேன். ஒருத்தனும் போன நீட்டக்கூடாது.” ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலில் பூசை முடிந்து வந்தும் பார்த்தார். கண்ணாடி ஓரம் முழுக்கச் சுற்றுலாக்காரர்கள். ஐந்து நிமிடம் நின்றார். “வரிசையில நிக்கிறதுக்கா கோசு குடுத்தேன்?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

“இப்பக் கூப்புடலாமே. செவ்வாய்க்கிழமை, மேசையெல்லாம் காலியா இருக்கே,” என்றேன்.

“இப்ப முடியாது சார்,” என்றார் சின்னத்தாய். “டிசம்பரு. அவளுக்கு இருவத்தஞ்சு நாளு நோம்பு. கறியத் தொட மாட்டா.”

சின்னமுத்து விரல் விட்டு எண்ணினார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒன்பது நாள். கிறிஸ்துமஸ் வந்தால் லீவு, லீவு வந்தால் கூட்டம், கூட்டம் வந்தால் கண்ணாடி ஓரம் காலியாக இருக்காது. ஜனவரி என்றார். ஜனவரியில் கொழுந்து கம்மி, அவளுக்கு அரைநாள் லீவு கிடைத்தாலும் கிடைக்கும் என்றார். சின்னத்தாய் இல்லை என்று தலையாட்டினார். தள்ளிப்போன அண்ணன் மகள் கல்யாணம் ஜனவரியில்தானாம், பிலோமி ஊரிலேயே இருக்கமாட்டாளாம்.

“அப்ப அந்தக் கல்யாணத்துக்குக் கோசு?” என்று கேட்டேன்.

சின்னமுத்து மறுபடியும் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார், இந்த முறை கோஸை.